மதுக்கூடத்தில் சொல்லப்பட்ட கதை: ‘லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்’ திரைப்படமும் அதன் ஏற்பும்

ஆய்வுச் சுருக்கம்

கை ரிச்சி எழுதி இயக்கிய ‘லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்’ 1998ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டனில் வெளியானது. லண்டன் நகரக் குற்றவுலகை நகைச்சுவையாகக் காட்டும் இப்படத்தைப் பார்வையாளர் பெரிதும் கொண்டாடினர்; விமர்சகருள் ஒரு சாரார் ஐயத்துடனும் கண்டிப்புடனும் நோக்கினர். இந்த இடைவெளி இரசனையின் உயர்வு தாழ்வால் நேர்ந்ததன்று. படத்தை எவ்வகைமைக்குள் வைத்துப் பார்ப்பது என்ற வேறுபாட்டால் நேர்ந்தது என இக்கட்டுரை வாதிடுகிறது. விமர்சகர் அதனைக் குற்றப்படமாகப் படித்தனர்; பார்வையாளர் அதனை மதுக்கூடத்தில் சொல்லப்படும் கதையாகக் கேட்டனர். படத்தின் கதைசொல்லல், பட்டப்பெயர்கள், குழூஉக்குறி, நகையின் நிலைக்களன்கள் ஆகியவற்றை ஆராய்ந்து இக்கருத்து நிறுவப்படுகிறது. கேட்போர் வட்டம் ஒன்று அமையும்போது அதற்கு வெளியே நிறுத்தப்படுவோர் யாவர் என்ற வினாவும் எழுப்பப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பிரிட்டன் திரைப்படம், குற்ற நகைச்சுவை, ஏற்புக் கோட்பாடு, வாய்மொழிக் கதைசொல்லல், குழூஉக்குறி, மெய்ப்பாடு.

1. முன்னுரை

ஒரு படைப்பின் பொருள் படைப்பினுள் மட்டுமே உறைவதில்லை. அதனை எதிர்கொள்வோர் முன்னரே கொண்டிருக்கும் எதிர்பார்ப்புகளோடு அது மோதும் இடத்திலேயே பொருள் பிறக்கிறது என்பது ஏற்புக் கோட்பாட்டின் அடிப்படை. ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் இதனை ‘எதிர்பார்ப்பின் அடிவானம்’ என்ற கருத்தாக்கத்தால் விளக்கினார். ஒரே படைப்பை இரு குழுவினர் இருவேறு அடிவானங்களிலிருந்து நோக்கும்போது இருவேறு படைப்புகளே அவர்கள் முன் தோன்றுகின்றன. பிரிட்டன் திரைப்பட வரலாற்றில் இதற்குத் தெளிவான சான்றாக அமைவது ரிச்சியின் முதல் முழுநீளப் படமாகும்.

ஏறத்தாழ பத்து லட்சம் பவுண்டு செலவில் எடுக்கப்பட்ட இப்படம் பிரிட்டன் திரையரங்குகளில் மட்டும் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் ஈட்டியது. 1999ஆம் ஆண்டு பாஃப்டா விருதுகளில் சிறந்த பிரிட்டன் படத்திற்கான பரிசு ‘எலிசபெத்’ என்ற வரலாற்றுப் படத்திற்குச் சென்றது. பொதுமக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பார்வையாளர் விருது ரிச்சியின் படத்திற்குக் கிடைத்தது. அதே மேடையில் துறையினரின் தேர்வும் மக்களின் தேர்வும் இரு திசைகளில் பிரிந்தன. இப்பிரிவின் காரணத்தைப் படத்தின் வடிவத்திலேயே தேடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கதையும் காலமும்

‘லாக், ஸ்டாக் அண்ட் பேரல்’ என்பது ‘ஒன்றுவிடாமல் முழுவதுமாக’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர். துப்பாக்கியின் வெடிவிசை, கட்டை, குழல் ஆகிய மூன்று உறுப்புகளின் பெயரால் அமைந்தது. ரிச்சி இத்தொடரைச் சற்றே மாற்றிக் குழல்களை இரண்டாக்கிப் புகையவும் விட்டார். தலைப்பிலேயே சொல்விளையாட்டு தொடங்கிவிடுகிறது.

எடி, டாம், சோப், பேக்கன் என்ற நான்கு நண்பர்கள் ஆளுக்கு 25,000 பவுண்டு வீதம் 1,00,000 பவுண்டு திரட்டுகின்றனர். சீட்டாட்டத்தில் வல்லவனான எடி அப்பணத்துடன் ‘ஹாட்செட்’ ஹாரி நடத்தும் ஆட்டத்தில் அமர்கிறான். அங்கு ஆடப்படுவது ‘பிராக்’ என்னும் மூன்று சீட்டாட்டம். இந்தியாவின் ‘தீன் பத்தி’க்கு மூதாதையாகக் கருதப்படுவது. ஹாரியின் சூழ்ச்சியால் எடி தோற்று 5,00,000 பவுண்டு கடனாளியாகிறான். தவணை ஒரு வாரம். எடியின் தந்தை நடத்தும் மதுக்கூடத்தின் மீது ஹாரிக்குக் கண். அடுத்த வீட்டில் குடியிருக்கும் திருடர்கள் கஞ்சா வளர்ப்போரைக் கொள்ளையிடத் திட்டமிடுவது நண்பர்கள் காதில் விழ, கொள்ளையரையே கொள்ளையிட அவர்கள் முடிவு செய்கின்றனர். இதற்கென வாங்கும் இரண்டு பழந்துப்பாக்கிகள் ஹாரிக்காகத் திருடப்பட்டு, மதிப்பறியாதவர்களால் விற்கப்பட்டவை. கொள்ளையிட்ட கஞ்சாவோ ரோரி பிரேக்கர் என்ற மற்றொரு தாதாவின் சரக்கு. எல்லா இழைகளும் ஒரே முடிச்சில் வந்து இறுகுகின்றன.

படம் வெளியான காலச்சூழலும் கருதத்தக்கது. 1997இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. இசை, உடை, திரைப்படம் ஆகியவற்றில் பிரிட்டன் தன்னைப் புதிதாக விளம்பரப்படுத்திக்கொண்ட காலம் அது. 1994இல் தொடங்கப்பட்ட ‘லோடட்’ போன்ற ஆடவர் இதழ்கள் கால்பந்து, மது, கேலி ஆகியவற்றை மையமாகக் கொண்ட இளைஞர் பண்பாடு ஒன்றைப் பரப்பின. மறுபுறம், தொழிற்சாலைகள் மூடப்பட்டபின் வேலையும் தன்மதிப்பும் இழந்த ஆண்களை ‘டிரெய்ன்ஸ்பாட்டிங்’ (1996), ‘தி ஃபுல் மான்டி’ (1997) ஆகிய படங்கள் காட்டின. 1990களின் பிரிட்டன் திரைப்பட ஆண்களைப் பற்றி ஆராய்ந்த கிளேர் மங்க் இப்படங்களின் நகைச்சுவைக்கு அடியில் ஆண்மை குறித்த பதற்றம் ஓடுவதைச் சுட்டினார். ரிச்சியின் நால்வரும் இந்த வரிசையினரே. அவர்களுக்கு நிலையான தொழிலென்று சொல்லத்தக்கது சோப்பின் சமையல் பணி ஒன்றே.

3. விமர்சகரின் அடிவானம்

படத்தைக் குறைகூறியோரின் வாதங்களை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, இது குவென்டின் டாரன்டினோவின் ‘ரெசர்வாயர் டாக்ஸ்’ (1992), ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ (1994) ஆகிய படங்களின் ஆங்கிலேய நகல் என்பது. இரண்டாவது, இது வன்முறையை எடையற்றதாக்கிக் கவர்ச்சிப் பொருளாக மாற்றுகிறது என்பது. மூன்றாவது, இது வர்க்க வேடம் என்பது. ரிச்சியின் மாற்றாந்தந்தை பாரோனெட் பட்டம் பெற்ற நிலவுடைமைக் குடும்பத்தவர்; தயாரிப்பாளர் மேத்யூ வான் ஸ்டோ என்னும் கட்டணப் பள்ளியில் பயின்றவர். இத்தகையோர் கிழக்கு லண்டன் உழைக்கும் மக்களின் காக்னி வழக்கைப் பேசிக்காட்டுவது போலி எனப்பட்டது. போலிக் காக்னியைக் குறிக்கும் ‘மாக்னி’ என்ற கேலிச்சொல் ரிச்சியின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இம்மூன்று வாதங்களுக்கும் பின்னால் ஒரு பொது அளவுகோல் நிற்கிறது. பிரிட்டன் குற்றப்பட மரபில் ‘கெட் கார்ட்டர்’ (1971), ‘தி லாங் குட் ஃப்ரைடே’ (1980) ஆகியவை உயர்ந்த சான்றுகளாக மதிக்கப்படுபவை. குற்றத்தின் வழியே சமூகத்தின் நோயைக் கண்டறிவது அவற்றின் பண்பு. பின்னதில், துறைமுக நிலங்களை வணிகமாக்கத் துடிக்கும் தாதாவின் வீழ்ச்சி வரவிருந்த பொருளியல் காலத்தின் முன்னறிவிப்பாயிற்று. அப்படத்தில் அடியாளாக நடித்த பி.எச். மோரியார்ட்டியே ரிச்சியின் படத்தில் ஹாரியாக வருகிறார். இதனால் பழைய படத்தின் நினைவு இயல்பாகவே எழுகிறது. ஒப்பீட்டில் புதிய படம் மெலிந்து தோன்றுகிறது. 1998 முதல் 2001 வரையிலான பிரிட்டன் தாதாப்பட அலையை ஆராய்ந்த ஸ்டீவ் சிப்னல், மெய்ம்மையை நாடும் கனமான படங்களையும், பாவனையாக ஆடும் இலகுவான படங்களையும் பிரித்துக் காட்டினார். ரிச்சியின் படம் இரண்டாம் வகைக்கு முன்மாதிரி.

இப்பகுப்பு பயனுடையது. ஆயினும் ‘இலகு’ என்பதைக் குறையின் பெயராக மட்டும் கொண்டால், இலகுவாக இருக்க அப்படம் மேற்கொண்ட வடிவ உழைப்பு கண்ணில் படாது போகும். அந்த உழைப்பு எதை நோக்கியது என்பதே அடுத்த வினா.

4. கேட்கப்படும் படம்

படம் பேக்கனின் தெருவோர விற்பனையுடன் தொடங்குகிறது. பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கூடியிருப்போரிடம் மூச்சுவிடாமல் பேசித் திருட்டுப் பொருளை விற்கிறான். எடி வாடிக்கையாளனைப் போல நடித்துக் கூட்டத்தைத் தூண்டுகிறான். காவலர் வர, இருவரும் ஓடுகின்றனர். பேக்கனாக நடித்த ஜேசன் ஸ்டேதம் உண்மையிலேயே தெருவில் பொருள் விற்றவர் என்பது இங்குப் பொருந்தி வருகிறது. பொருளின் தரம் பற்றிக் கூட்டத்திற்கு மயக்கமில்லை. பேச்சின் சுவைக்காகவே அது நிற்கிறது. பார்வையாளருடன் படம் செய்துகொள்ளும் ஒப்பந்தமும் இதுவே: சொல்லப்படுவது மெய்யா என்று கேளாதீர், எப்படிச் சொல்லப்படுகிறது என்று கேளுங்கள்.

இந்த ஒப்பந்தத்தை நான்கு கூறுகள் காக்கின்றன. ஒன்று, ஆலன் ஃபோர்டின் பின்னணிக் குரல். அது அனைத்தும் அறிந்த இலக்கியக் கூற்றாகவோ தன் பாவத்தை ஒப்புக்கொள்ளும் குற்றவாளியின் குரலாகவோ ஒலிப்பதில்லை. மதுக்கூடத்தின் மூலையில் அமர்ந்து ஊரார் செய்தியைச் சொல்லும் முதியவரின் குரல் அது.

இரண்டு, பட்டப்பெயர்கள். சோப் என்பவன் சட்டத்திற்குப் புறம்பான செயல்களில் கை அழுக்காகாமல் பார்த்துக்கொள்பவன். ‘பாப்டிஸ்ட்’ பாரி, ஞானநீராட்டுவது போல ஆட்களை நீரில் அமிழ்த்துபவன். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு குறுங்கதை உண்டு. பாத்திரத்தின் உளவியலை விரிப்பதற்கு மாறாகப் பெயரின் கதையைச் சொல்லி ஆளை நிறுவுவது வாய்மொழி மரபின் வழக்கம்.

மூன்று, தற்செயல்களின் பெருக்கம். துப்பாக்கி விற்றவன், வாங்கியவன், இழந்தவன், தேடுபவன் அனைவரும் ஒரே வட்டத்தினராக இருப்பது நடப்பியல் படத்தில் நம்பகக்குறைவு. கேட்டுச் சுவைக்கும் கதையிலோ அதுவே கதைஞனின் திறம். இத்தனை முடிச்சுகளையும் நினைவில் வைத்து அவன் எப்படி அவிழ்க்கப்போகிறான் என்பதே கேட்போரின் ஆவல்.

நான்கு, நாயகர்கள் உச்சக்காட்சியில் இல்லாமை. கொள்ளை முடிந்த மகிழ்ச்சியில் நால்வரும் மதுக்கூடத்தில் குடித்துக்கொண்டிருக்க, அவர்கள் வீட்டில் ரோரியின் ஆட்களும் அடுத்த வீட்டுத் திருடர்களும் ஒருவரையொருவர் சுட்டு மாய்கின்றனர். நண்பர்கள் திரும்பி வந்து பிணங்களைக் காண்கின்றனர். அதிரடிப் படத்தின் இலக்கணப்படி இது பெரும்பிழை. ஆனால் இப்படத்தின் உள்ளமைப்பில் இது மிகச் சரியான முடிவு. நாயகர்கள் இருக்க வேண்டிய இடம் துப்பாக்கிச் சூட்டின் களமன்று. அந்தச் சூடு பின்னர்க் கதையாகச் சொல்லப்படப்போகும் மதுக்கூடமே.

இடமும் இவ்வாறே கற்பனைப்படுகிறது. கிழக்கு லண்டன் என்று தோன்றும் வெளிக்காட்சிகளுள் சில, தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் பரோ சந்தையை ஒட்டிய பார்க் தெருவில் எடுக்கப்பட்டவை. பழுப்பேறிய வண்ணச்சாயல் படம் முழுவதையும் பழம்புகைப்படம் போலக் காட்டுகிறது. கைப்பேசி ஒலிக்கும் 1990களில் நிகழ்ந்தும், கதை ‘அந்தக் காலத்தில் நடந்ததாகச் சொல்வார்கள்’ என்ற தொனியைப் பெறுகிறது.

நடிகர் தேர்வும் இதற்குத் துணை. வின்னி ஜோன்ஸ் 1988இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற விம்பிள்டன் அணியின் முரட்டு ஆட்டக்காரர். லென்னி மெக்லீன் கையுறையில்லாச் சண்டைகளால் கிழக்கு லண்டனில் பெயர்பெற்றவர். படம் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் காலமானார். பிரிட்டன் பார்வையாளருக்கு இவர்கள் நடிகராவதற்கு முன்னரே கதைகளாக இருந்தவர்கள். திரையில் அவர்கள் தோன்றும்போது பாத்திரத்துடன் பழைய செய்திகளும் உடன் வருகின்றன.

5. குழூஉக்குறியும் கேட்போர் வட்டமும்

படத்தின் உள்ளியல்பை ஒரு சிறு காட்சி வெளிப்படுத்துகிறது. ரோரி பிரேக்கர் எத்தகையவன் என்பதை மதுக்கூடத்தில் ஒருவன் மற்றொருவனுக்கு விவரிக்கிறான். மதுக்கூடத்தில் சொல்லப்படும் படத்திற்குள் மதுக்கூடத்தில் சொல்லப்படும் ஒரு கதை. அவன் பேசுவது காக்னி எதுகைக் குழூஉக்குறி நிறைந்த மொழி. திரையில் அதற்கு ஆங்கிலத்திலேயே சப்டைட்டில் தோன்றுகிறது.

ஆங்கிலத்தில் படிக்கட்டுகளைக் குறிக்கும் ‘ஸ்டேர்ஸ்’ என்ற சொல்லுக்கு ‘ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்’ என எதுகைபடும் தொடரை ஆள்வது இவ்வழக்கின் நெறி. பல வேளைகளில் எதுகைச் சொல்லும் விடப்பட்டு முதற்சொல் மட்டும் எஞ்சும். அப்போது வெளியாருக்கு எவ்விதப் பிடியும் கிடைக்காது. தகுதி வழக்கின் மூவகையுள் ஒன்றாக நன்னூல் கூறும் குழூஉக்குறியின் பணியும் இதுவே. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதாக உரையாசிரியர் காட்டும் சான்றில், சொல் பொருளை உணர்த்துவதோடு பேசுவோர் எக்குழுவினர் என்பதையும் உணர்த்துகிறது. குழுவிற்கு அப்பாற்பட்டவரிடமிருந்து பொருளை மறைக்கவும் செய்கிறது.

அக்காட்சியின் நகைச்சுவை இரு தளங்களில் இயங்குகிறது. காக்னி அறிந்தோர் மொழியைச் சுவைக்கின்றனர். அறியாதோர், சொந்த மொழிக்கே மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கும் வேடிக்கையைச் சுவைக்கின்றனர். வட்டத்திற்கு வெளியே இருப்போருக்கும் ஓர் இருக்கை இழுத்துப் போடப்படுகிறது. ‘மாக்னி’ என்ற குற்றச்சாட்டுக்கும் இங்கிருந்து வேறொரு விளக்கம் கிட்டுகிறது. இப்படத்தின் காக்னி ஓர் ஊரின் பேச்சைப் பதிவு செய்யும் ஆவணமன்று. கதைஞன் தன் குரலை மாற்றிப் பேசிக்காட்டும் மிமிக்ரி. ஆவணமாக அது போலி. நிகழ்த்துதலாக அது வெளிப்படை. ஆயினும் பிறர் வழக்கைப் பேசிக்காட்டி ஈட்டிய புகழும் பொருளும் அவ்வழக்கிற்கு உரியோரைச் சென்றடைவதில்லை என்ற அறக்கேள்வி இவ்விளக்கத்தால் மறைந்துவிடாது.

6. நகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கைக் கூறும். பேராசிரியர் தம் உரையில் இவை தன்னிடத்தும் பிறரிடத்தும் தோன்றும் என இருவகைப்படுத்துகிறார். இப்பாகுபாடு ரிச்சியின் படத்து நகைப்பைப் பிரித்தறிய உதவும் கூர்மையான கருவியாகிறது.

நண்பர் நால்வரைப் பார்த்து எழும் நகை பெரிதும் இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றின்பாற்பட்டது. தாம் எத்தகைய ஆட்டத்தில் அமர்கிறோம் என்றறியாமை பேதைமை. எடியின் திறமை பற்றிக் கேட்டதை அப்படியே பற்றிக்கொண்டு சேமிப்பை முழுவதும் அவன் கையில் கொடுப்பது, பிறர் கொளுத்தியதைக் கொண்டு விடாதிருக்கும் மடன். கொள்ளையரையே கொள்ளையிடத் துணிவது இளமை. இம்மூன்றிலும் நகைப்போர் நகைக்கப்படுவோரிடம் பரிவுடையவராகவே இருப்பர். தம் பழைய அறியாமையை அவர்களிடம் காண்பர். இதுவே நால்வரையும் பார்வையாளருக்கு நெருக்கமாக்குகிறது.

மற்றையோரைக் குறித்த நகை எள்ளலின்பாற்பட்டது. பழந்துப்பாக்கியின் மதிப்பறியாத வடபுலத் திருடர் இருவரின் செயலும் பேதைமைதான்; ஆனால் அது அவர்களின் லிவர்பூல் பேச்சோடு சேர்த்து எள்ளப்படுகிறது. கட்டணப் பள்ளிப் பழக்கம் மாறாத கஞ்சா வளர்ப்போர், கிரேக்க வணிகன், அகப்பட்டு அடிவாங்கும் போக்குவரத்துக் கண்காணிப்பாளர் ஆகியோரும் எள்ளலுக்கு உரியவராகின்றனர். ஒரே வகை அறியாமை, நம்மவரிடம் தோன்றினால் பரிவுக்குரிய நகையாகவும் பிறரிடம் தோன்றினால் எள்ளலாகவும் மாறுகிறது. படத்தின் அரசியல் இந்த மாற்றத்தில்தான் தங்கியுள்ளது.

நகை நின்றுவிடும் இடமும் ஒன்றுண்டு. கடன் வசூலிக்கும் பிக் கிறிஸ் தன் சிறுமகனை எங்கும் உடன் அழைத்துச் செல்கிறான். அடிதடியின் நடுவே மகன் தகாத சொல் பேசினால் கண்டிக்கிறான். இம்முரண் தொடக்கத்தில் நகைக்கு இடமாகிறது. மகன் கழுத்தில் கத்தி வைத்தவனைக் கார்க் கதவால் மீண்டும் மீண்டும் மோதிக் கொல்லும்போது அது வெகுளியாகத் திரிகிறது. வன்முறை எடையற்றது என்ற குற்றச்சாட்டு இக்காட்சிக்குப் பொருந்தாது. ஆனால் எடை ஏறும் இந்த ஓர் இடத்திலும் அது தந்தை மகன் உறவின் பெயரால் நியாயமாக்கப்பட்டு, பார்வையாளரின் ஒப்புதலைப் பெற்றுவிடுகிறது என்பதும் கருதத்தக்கது.

7. வட்டத்திற்கு வெளியே

மதுக்கூடக் கதை என்ற விளக்கம் படத்தின் இன்பத்தைத் தெளிவாக்குகிறது. படத்தைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை. கதை கேட்கும் வட்டம் அமையும்தோறும் அதன் வெளிவிளிம்பும் அமைகிறது.

முதலாவதாகப் பெண்கள். ஏறக்குறைய முழுவதும் ஆண்களால் நிறைந்த இப்படத்தில் நினைவில் நிற்கும் பெண் குளோரியா ஒருத்தியே. கஞ்சா வளர்ப்போர் வீட்டுச் சோபாவில் மயங்கிக் கிடக்கும் அவள், கொள்ளையின் நடுவே எழுந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறாள். அச்செயலின் நகைச்சுவை, அவள் அறையில் இருப்பதை அனைவரும் மறந்துவிட்டனர் என்பதிலிருந்து பிறக்கிறது. படம் அறியாமலே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட உண்மை இது. அவள் அறையின் மூலையில் கிடந்த பொருளைப் போல மறக்கப்பட்டிருந்தாள். படத்தின் கதையுலகிலும் பெண்ணின் இடம் அத்தகையதே. ஈலிங் படப்பிடிப்பகத்தின் ‘தி லேடிகில்லர்ஸ்’ (1955) படத்தை இங்கு ஒப்பிடலாம். அதிலும் குற்றவாளிகள் ஒருவரையொருவர் கொன்று அழிகின்றனர். பணம் எதிர்பாராத கையில் சேர்கிறது. ஆனால் அங்கு முதிய பெண்மணி ஒருவரே நிகழ்ச்சிகளின் அச்சாணி; அவரது நேர்மையின் முன் குற்றக்கூட்டம் செயலிழக்கிறது. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதே கதையமைப்பு பெண்ணின்றியே இயங்குகிறது.

இரண்டாவதாக இனம். கறுப்பினத் தாதாவான ரோரி அறிவும் அதிகாரமும் உடையவனாகவே படைக்கப்பட்டுள்ளான். வாஸ் பிளாக்வுட்டின் நடிப்பு அவனுக்குத் தனி மிடுக்கை அளிக்கிறது. எனினும் அவன் அறிமுகமாவது ஒரு மனிதனைத் தீக்கிரையாக்கிய கதையின் வழியே. அக்கதை நகைச்சுவையாகச் சொல்லப்படுகிறது. நண்பர் வட்டத்தின் பரிவு நகையிலோ அவனுக்குப் பங்கில்லை.

மூன்றாவதாக, திரைக்கு வெளியே இருந்த வட்டம். பிரிட்டனில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் எனச் சான்றளிக்கப்பட்ட இப்படம் திரையரங்கைக் கடந்து ஒளிநாடாவிலும் டிவிடியிலும் நெடுநாள் வாழ்ந்தது. நண்பர் குழுக்கள் கூடிப் பார்த்து, வசனங்களை மனப்பாடமாகச் சொல்லி மகிழும் படமாக அது மாறியது. மீண்டும் மீண்டும் கேட்கத் தூண்டுவது வாய்மொழிக் கதையின் இயல்பு. கதைமுடிவை முன்னரே அறிந்தவரும் சொல்லும் முறைக்காகக் கேட்பர். இவ்வாறு பார்வையாளர் தாமே கதைசொல்லிகளாயினர். அக்கூட்டத்தில் யார் தயக்கமின்றிச் சிரிக்க முடிந்தது, யார் சிரிப்பின் பொருளாக இருந்தபடியே சிரிக்க வேண்டியிருந்தது என்ற வேறுபாடு, பார்வையாளரை ஒருமைச் சொல்லாகக் கையாளும் கணக்குகளில் தென்படுவதில்லை. பார்வையாளர் விருதும் வசூலும் அளப்பது சிரிப்பின் அளவை. சிரிப்பின் திசையை அல்ல.

8. நகல்களின் சான்று

ஒரு படத்தின் உண்மையான வலிமை எங்கிருந்தது என்பதை அதன் நகல்கள் தவறியும் காட்டிக்கொடுக்கும். ரிச்சியின் வெற்றியைத் தொடர்ந்து பிரிட்டனில் தாதாப் படங்கள் வரிசையாக வெளிவந்தன. 2000ஆம் ஆண்டில் மட்டும் ‘லவ், ஆனர் அண்ட் ஒபே’, ‘ரான்சிட் அலுமினியம்’, ‘கேங்ஸ்டர் நம்பர் ஒன்’, ‘செக்ஸி பீஸ்ட்’ ஆகியவை தோன்றின. இவற்றுள் பின்னிரண்டும் ரிச்சியின் பாதையிலிருந்து விலகி, அச்சத்தையும் அழிவையும் நாடியமையால் மதிப்புப் பெற்றன. முன்னிரண்டும் விமர்சகராலும் பார்வையாளராலும் ஒருங்கே புறக்கணிக்கப்பட்டன. உடையும் துப்பாக்கியும் வசைச்சொல்லும் அவற்றில் இருந்தன. கேட்போரை வட்டமாக அமர்த்தும் குரல் இல்லை. பார்வையாளர் விரும்பியது வன்முறையையே என்றால் இவையும் வென்றிருக்க வேண்டும்.

ரிச்சியே அடுத்து எடுத்த ‘ஸ்னாட்ச்’ (2000) வென்றது. அதில் பிராட் பிட் ஏற்ற நாடோடிச் சமூகத்துக் குத்துச்சண்டை வீரன் பேசுவது படத்தின் மற்றப் பாத்திரங்களுக்கே விளங்குவதில்லை. முதற்படத்தில் சப்டைட்டில் தாங்கிய புரியாமை, இரண்டாம் படத்தில் சப்டைட்டில் இன்றியே நகைப்பொருளாயிற்று. எது பார்வையாளரைக் கவர்ந்தது என்பதை இயக்குநர் நன்கு அறிந்திருந்தார்.

9. முடிவுரை

படத்தின் இறுதிக் காட்சி இவ்வாய்வின் கருத்தைச் சுருங்கச் சொல்கிறது. சான்றாக எஞ்சிய துப்பாக்கிகளைத் தேம்ஸ் ஆற்றில் எறிய டாம் பாலத்திற்குச் செல்கிறான். அவை பெருந்தொகை பெறும் பழம்பொருள்கள் என்பது அதன் பின்னரே மற்ற மூவருக்கும் தெரிய வருகிறது. பதறி அவனுக்குத் தொலைபேசுகின்றனர். ஒலிக்கும் கைப்பேசியை வாயில் கவ்வியபடி, பாலத்தின் விளிம்பில் தொங்கும் துப்பாக்கிகளை நோக்கி டாம் வளைந்திருக்கும் நிலையில் படம் உறைந்து முடிகிறது. மலைவிளிம்பில் பேருந்து ஊசலாட நிறைவுறும் ‘தி இத்தாலியன் ஜாப்’ (1969) படத்தின் முடிவு இங்கு நினைவுக்கு வரும். குற்றப்படம் தீர்ப்புடன் முடிய வேண்டும்: தண்டனை அல்லது தப்பித்தல். கதைஞன் தீர்ப்பு வழங்குவதில்லை, கேட்போர் ‘அப்புறம்?’ என்று கேட்கும் இடத்தில் நிறுத்திவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொள்கிறான்.

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. விமர்சகருக்கும் பார்வையாளருக்கும் இடையே எழுந்த வேறுபாடு வகைமை பற்றிய எதிர்பார்ப்பு வேறுபாடே. பின்னணிக் குரல், பட்டப்பெயர், தற்செயல், குழூஉக்குறி ஆகியவை படத்தை வாய்மொழிக் கதையாக நிலைநிறுத்துகின்றன. எனவே நடப்பியல் குற்றப்படத்தின் அளவுகோலால் மட்டும் இதனை மதிப்பிடுவது பொருந்தாது. அதேவேளையில், பார்வையாளரின் மகிழ்ச்சியைப் படத்தின் அறத்திற்குச் சான்றாகக் கொள்வதும் பொருந்தாது. தன்னவரிடம் பேதைமையாகவும் பிறரிடம் எள்ளலாகவும் நகையைப் பங்கிடும் முறையை இப்படம் மிக இயல்பாக்கியது. அந்த இயல்பே ஆய்வுக்குரியது. வன்முறை எவ்வளவு காட்டப்பட்டது என்று அளப்பதைவிட, சிரிப்பு யாரிடமிருந்து யாரை நோக்கிச் சென்றது என்று வினவுவதே குற்ற நகைச்சுவைப் படங்களின் ஏற்பை ஆராய்வோர் மேற்கொள்ளத்தக்க வழியாகும்.